‘மின்கசிவு’ என்னும் சொல்லும் நம் பழைய வீடுகளும்

சொற்கள் யாவும் பொருள் குறித்து நிற்பன என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயின் ஒரு சொல் பல பொருள்களைத் தன் பின்னே மறைத்து நிற்கும் நிலையும் உண்டு. நாளிதழைப் புரட்டுவோர் அடிக்கடி காணும் தொடர் ‘மின்கசிவு காரணமாகத் தீ விபத்து’ என்பதாகும். குடிசை எரிந்தாலும் துணிக்கடை எரிந்தாலும், மூன்று தலைமுறை கண்ட மெத்தை வீட்டின் தேக்கு உத்திரம் எரிந்தாலும், காரணம் அந்த ஒன்றே. ஆறுதல் கூற வந்தோர் வாயிலும் அதுவே ஒலிக்கும். தமிழ் பயிற்றுவிப்போர் மின்சாரத்தைப் பற்றி எழுதப் புகுவது முறையோ என ஐயுறும் அன்பர்க்கு ஒன்று கூறுவேன். இக்கட்டுரை முதலில் ஒரு சொல்லைப் பற்றியது. நோயின் பெயர் பிழைபட்டால் மருந்தும் பிழைபடும் அன்றோ? நம் பகுதியின் பழைய வீடுகளில் இன்று நிகழ்வது அதுவே.

சொல் வந்த வழி

‘கசிதல்’ என்பது நல்ல தமிழ்ச் சொல். புதுப்பானையின் புறத்தே நீர் ஊறி நிற்பது கசிவு. சுவரில் ஈரம் படர்வது கசிவு. மின்சாரத்திலும் உண்மையான கசிவு உண்டு. கம்பிக்குள் ஓடவேண்டிய மின்னோட்டம், காப்புறை பழுதுபட்ட இடத்தில் வெளியேறி, ஈரச்சுவர் வழியாகவோ இரும்புப் பெட்டி வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்தை நாடிச் செல்லுமாயின் அதனை மின்கசிவு எனலாம். ஆங்கிலத்தில் ‘ஷார்ட் சர்க்யூட்’ எனப்படுவது இதுவன்று. மின்கம்பியும் நடுநிலைக் கம்பியும் ஒன்றையொன்று தொட்டு, இடையில் தடையேதுமின்றிப் பெருவெள்ளமென மின்னோட்டம் பாய்வது அது. நம் பாடநூல்கள் அதனைக் குறுக்குச் சுற்று என்கின்றன. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் குறுஞ்சுற்று என்று வழங்குகின்றன. செய்தித்தாள்கள் மட்டும் ஷார்ட் சர்க்யூட்டைக் கசிவாக்கி, பின்னர் எல்லா மின் தீயையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டன.

கலைச்சொல் என்பது அழகுக்காக ஆக்கப்படுவதன்று. 1967இல் தொடங்கிய யுனெஸ்கோ கூரியர் தமிழ் இதழின் ஆசிரியராய் நெடுங்காலம் விளங்கி, 2017இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கலைச்சொல் அகராதிகளுக்கே ஈந்தார். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் அவரைப் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவர் உழைத்த துறையில் ஒரு சொல் பிழைபட்டுக் கிடப்பதைத் திருத்த மட்டும் நாம் முனைவதில்லை.

மின்சாரத்தால் வீட்டில் விளையும் கேடுகளைப் பிரித்துப் பார்த்தால் மிகுசுமை, குறுக்குச் சுற்று, தளர்ந்த இணைப்பு, நடுநிலைக் கம்பி அறுதல், உண்மையான கசிவு என ஐந்தாகக் கொள்ளலாம். இவற்றுள் குறுக்குச் சுற்று பெரும்பாலும் முதற்காரணமாக இருப்பதில்லை. மற்றவற்றால் காப்புறை உருகிய பின்னர் இறுதியில் நேர்வது அது. தீயணைப்பு வீரர் வந்து காணும்போது உருகி ஒட்டிய கம்பிகளே கிடக்கும். எனவே பழியும் அதன்மீதே விழுகிறது.

நெடுங்காட்டு வீட்டின் இயல்பு

நெடுங்காடு நெல்வயல் சூழ்ந்த ஊராயினும் கடற்காற்று எட்டும் தொலைவில் உள்ளது. இவ்வூரிலும், காரைக்கால் நகரிலும், அப்பால் நாகூர் வரையிலும் உள்ள பழைய வீடுகள் ஏறத்தாழ ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திண்ணை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், பின்கட்டில் அடுப்பங்கரை, சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே தேக்கு உத்திரங்களின்மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் நாள் நீங்குவதற்கு முன்பே எழுந்த வீடுகள் பல. சைகோன் வரை சென்று பொருளீட்டிய முன்னோர் கட்டியவையும் அவற்றுள் உண்டு. அவர்தம் பேரர்கள் இன்று பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைத்து, அவ்வீடுகளை இடிக்க மனமின்றிப் புதுப்பிக்கின்றனர். இது பாராட்டத்தக்க பண்பு. இடித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிபோல் ஒன்றைக் கட்டுவதினும் இது மேல் என்பது என் கருத்து.

அவ்வீடுகளுக்கு மின்சாரம் வந்த காலத்தில் சுவரோரமாக மரக்கட்டை அறைந்து, அதன்மேல் தகரக் கிளிப்பால் கம்பியைப் பற்றவைத்தனர். ரப்பரும் பருத்தி நூலும் சுற்றிய காப்புறை, வட்டமான கறுப்பு சுவிட்சு, பீங்கான் ஃபியூஸ். செம்புத் தட்டுப்பாட்டால் 1960களிலும் 70களிலும் அலுமினியக் கம்பி இழுத்த வீடுகளும் பல. எட்டு குண்டு பல்புகள், நான்கு மின்விசிறிகள், ஒரு வானொலி என்பதே அன்றைய தேவை. எல்லாம் ஒருசேர ஓடினாலும் ஒரு கிலோவாட்டு ஆகாது. அளவில் சொன்னால் ஏறத்தாழ 4 ஆம்பியர். அந்த அளவிற்கு அந்தக் கம்பி போதுமானது. அன்றைய மின்பணியாளர் பிழை செய்யவில்லை.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை டன் குளிர்சாதனம் இரண்டு இருந்தால் 3 கிலோவாட்டுக்கு மேல். குளியலறைக் கொதிகலன் 2 கிலோவாட்டு. இண்டக்‌ஷன் அடுப்பு 2. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஏறத்தாழ 1. இஸ்திரிப் பெட்டி 1. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, மிக்சி, விளக்கு, விசிறி யாவும் சேர்ந்தால் பத்துக் கிலோவாட்டை எட்டும். 230 வோல்ட்டில், ஒரே கட்டத்தில் அது 43 ஆம்பியர். நான்கு ஆம்பியர் ஓடிய வீட்டில் நாற்பத்து மூன்று!

மிகுசுமை

இங்கே ஓர் இயற்பியல் விதி இடம்பெறுதல் வேண்டும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று ஜேம்ஸ் ஜூல் என்பார் 1841இல் கண்டறிந்தார். மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் மும்மடங்கு ஆவதில்லை, ஒன்பது மடங்காகும். பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்கு. ‘கொஞ்சம்தானே கூடுதல்’ என்று எண்ணும் மனக்கணக்கு இவ்விடத்தில்தான் தவறுகிறது.

மிகுசுமையில் தீப்பொறி எழாது, ஓசை கேளாது. சுவருக்குள் கம்பி மெல்லச் சூடேறும். காப்புறை நாளடைவில் காய்ந்த இலைபோல் நொறுங்கும். ஒரு கோடையில் நிகழாதது அடுத்த கோடையில் நிகழும். கடைக்காரரிடம் ‘ஒன் பை எய்ட்டீன்’ என்று கேட்டு வாங்கும் கம்பி விளக்குக்கும் விசிறிக்கும் உரியது. அதன் செம்பின் குறுக்களவு ஒரு சதுர மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். குளிர்சாதனத்திற்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியே மின்பலகையிலிருந்து வரவேண்டும். தொலைவு கூடினால் 4. கொதிகலனுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் அவ்வாறே தனிக்கம்பி வேண்டும்.

ஆயின் நடப்பது என்ன? பிள்ளை விடுமுறையில் வருகிறார். இருபது நாளில் மாடியறைக்குக் குளிர்சாதனம் மாட்டியாக வேண்டும். பழைய விசிறிக் கம்பியிலிருந்தே ஒரு கிளை இழுக்கப்படுகிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்பிழை முறுக்கி வைக்கப்படுகிறது. பின்னர் ஃபியூஸே பழமை என்று களைந்து எம்.சி.பி. பொருத்துகின்றனர். 6 ஆம்பியர் போதாமல் விழுந்தால் 16, அதுவும் விழுந்தால் 32. எம்.சி.பி. கம்பியைக் காக்கும் காவலாள். கம்பி தாங்கும் அளவினும் பெரிய எம்.சி.பி. பொருத்துவது திருடனுக்கு வழிவிடும் காவலாளை வேலைக்கு அமர்த்துவது போன்றதாகும். அடிக்கடி விழும் எம்.சி.பி. நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. அச்செய்தியைக் கேளாமல் அதன் வாயை அடைப்பதே நம் வழக்கமாகிவிட்டது.

பழைய மாளிகையும் புதிய குளிர்சாதனமும் பொருந்தாமற் போனதற்கு உலகறிந்த சான்று பிரேசில் நாட்டில் உள்ளது. ரியோ டி ஜெனிரோ நகரின் தேசிய அருங்காட்சியகம் 1818இல் நிறுவப்பட்டது. அது இயங்கிய மாளிகை ஒருகாலத்தில் அரசர் வாழ்ந்த இல்லம். 2018 செப்டம்பர் 2ஆம் நாள் இரவு அது எரிந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி அரும்பொருள்களுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. எழுத்தற்ற பழங்குடி மக்களின் மொழிப்பதிவுகளும் அவற்றுள் அடங்கும். மொழி பயில்வோர் நெஞ்சை வருத்தும் இழப்பு அது. கீழ்த்தள அரங்கின் குளிர்சாதனம் ஒன்றில் தீ தோன்றியது என 2019இல் அந்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. ஒவ்வொரு குளிர்சாதனத்திற்கும் தனித்தனியே மின்துண்டிப்பான் இருக்கவேண்டிய இடத்தில் அவ்வாறு இல்லை. ஒன்றிற்கு நிலத்தொடுப்பும் இல்லை. பேரரசர் மாளிகைக்கு நேர்ந்த பிழையும் நம் மாடியறையின் பிழையும் ஒன்றே.

தளர்ந்த இணைப்பு

நான் கேட்டறிந்த மின்பணியாளர் பலரும் ஒருமுகமாகக் கூறியது, கம்பி நடுவே கெடுவதினும் கம்பி சேரும் இடத்தில் கெடுவதே மிகுதி என்பதாகும். திருகாணி தளர்ந்த இடத்தில் தொடுபரப்பு குறைகிறது, தடை கூடுகிறது, வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் உலோகம் விரிந்து சுருங்கி மேலும் தளர்கிறது. கடற்காற்றின் உப்பு பித்தளைத் திருகாணியில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. பழைய அலுமினியக் கம்பியுடன் புதிய செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு இதனினும் கொடியது. அலுமினியத்தின் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்னோட்டத்தைத் தடுக்கும். இரு உலோகங்களும் ஒரே அளவாக விரிவதுமில்லை. அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை அலுமினியக் கம்பி இழுத்துக் கட்டிய வீடுகளில் இவ்விணைப்புகளே பெருங்கவலையாயின.

இந்நோயை எம்.சி.பி. அறியாது. இது நினைவில் நிறுத்தத்தக்கது. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. எனவே எம்.சி.பி. விழாமலே அவ்விடம் கனன்றுகொண்டிருக்கும். அதனை அறியும் கருவிகள் நம் மூக்கும் கையும் காதுமே. சுவிட்சுப் பலகையின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பு, மீன் கருகுவது போன்ற நாற்றம், ‘கிர்ர்’ என்னும் மெல்லிய ஓசை, பலகையில் பழுப்பு நிறம். வீட்டில் மீன் சமைக்காத நாளில் அந்த நாற்றம் வந்தால் அஞ்சுதல் அறிவுடைமை.

இலண்டன் கிரென்ஃபெல் கோபுரம் 2016இல் புதுப்பிக்கப்பட்டு, 2017 ஜூன் 14ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் எரிந்து 72 உயிர்களைக் கொண்டது. தொடக்கம் நான்காம் மாடி அடுக்களையில் இருந்த ஒரு குளிர்பதனப் பெட்டி. அதனுள் ஒரு கம்பி இணைப்பு சரிவரப் பிணைக்கப்படாமல் சூடேறியிருக்கலாம் என்பது விசாரணையில் சாட்சியமளித்த வல்லுநர் கருத்து. தீ பரவியதற்குப் புதுப்பித்தலின்போது புறச்சுவரில் போர்த்திய உறையே காரணமாயிற்று. அது ரமளான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீட்டார் கதவுகளைத் தட்டி எழுப்பிப் பலரைக் காத்த செய்தி அந்நாளில் உலகெங்கும் பேசப்பட்டது.

நம் ஊர்ப் புதுப்பித்தலிலும் ஒரு போர்வை உண்டு. அதுவே பொய்க்கூரை. மெட்ராஸ் தளத்தின் தேக்கு உத்திரம் பழமையாகத் தோன்றுகிறதென்று ஜிப்சம் பலகையால் மூடி, அதன்மேல் கம்பிகளைக் குழாயின்றி வீசிவிடுகின்றனர். முன்பு சுவரில் கண்ணுக்குத் தெரிந்த கம்பி, கருகினால் தெரிந்துவிடும். இப்போது அது எலிகளின் ஆட்சியில் இருக்கிறது. எலி கடித்த கம்பியும் உலர்ந்த தேக்கும் ஒரே இருளில் அருகருகே கிடக்கின்றன. உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். திரி போய்க் கம்பி வந்திருக்கிறது. எலி போகவில்லை.

ஸஹர் நேரத்தில் நிகழ்ந்தது

நான்காவது நோயை நூல்வழி அறியேன். நெடுங்காட்டில் என் மாமி வீட்டில் அறிந்தேன். மாமிக்கு வயது எழுபதுக்கு மேல், படிப்பு ஐந்தாம் வகுப்பு. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டைப் புதுப்பித்துக் குளிர்சாதனங்கள் வைத்ததால் மும்முனை இணைப்பு பெற்றிருந்தனர். ஒரு ரமளான் இரவு ஸஹருக்குச் சோறு வடிக்க மாமி எழுந்தபோது, கூடத்து விசிறி பேய்பிடித்தாற்போல் சுழன்றது. அடுப்பங்கரை விசிறியோ அசையவே மாட்டாமல் தயங்கியது. முற்றத்துக் குண்டு பல்பு வெண்மையாய்ப் பளீரென எரிந்து வெடித்தது. மாமி நேரே திண்ணைக்குச் சென்று மெயினை இறக்கிவிட்டார். குளிர்பதனப் பெட்டியின் பலகையும் தொலைக்காட்சியும் கருகின. வீடு தப்பியது.

விடிந்ததும் வந்த அக்கம்பக்கத்தார் அனைவரும் ‘மின்கசிவு’ என்றே முடிவு கட்டினர். வந்த மின்பணியாளர் பழைய பீங்கான் கட்டையைக் கழற்றிக் காட்டினார். புதுப்பித்தபோது மாற்றாமல் விட்ட ஒரே பொருள் அது. அதில் நடுநிலைக் கம்பியைப் பற்றியிருந்த திருகாணி களிம்பேறி, கம்பி அற்றுத் தொங்கியது.

மும்முனை இணைப்பில் ஒவ்வொரு கட்டத்திற்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ட்டும், ஒரு கட்டத்திற்கும் மற்றொரு கட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும் இருக்கும். நடுநிலைக் கம்பி மூன்றையும் சமநிலையில் பிடித்து நிறுத்தும் நங்கூரம். அது அறுந்தால் இரு கட்டங்களின் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிபோல் ஆகி, 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பங்கீடு நேர்மையாய் அமைவதில்லை. பெருஞ்சுமை உள்ள கட்டத்திற்குக் குறைந்த மின்னழுத்தமும், சிறுசுமை உள்ள கட்டத்திற்குப் பெரும்பங்கும் வந்துசேரும். ஒரு பக்கம் குளிர்சாதனம் ஓட, மறுபக்கம் ஒரு பல்பும் தொலைக்காட்சியும் மட்டும் இருந்தால் அவை மாண்டன. எல்.இ.டி. விளக்குகள் ஏற்றத்தாழ்வை ஓரளவு காட்டாமல் மறைத்துவிடும். விசிறிதான் உண்மை பேசும். ஓர் அறையில் விசிறி விரைய, மற்றோர் அறையில் தளர்ந்தால், காரணம் ஆராயாமல் அக்கணமே மெயினை இறக்குதல் வேண்டும். ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டில் நடுநிலை அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். அணைந்தபின்னும் கம்பிகளில் மின்னழுத்தம் நிற்கும் என்பதை அறியாமல் கைவைத்தோர் உண்டு.

‘கசிவு இல்லப்பா, நியூட்ரல் அறுந்துபோச்சு’ என்று மாமி இன்றும் பக்கத்து வீட்டாரைத் திருத்துகிறார். எங்கள் துறையின் கலைச்சொல் வகுப்பில் நான் எடுத்துக்காட்டும் சான்று அது.

உண்மையான கசிவு

பெயருக்கு உரிய நோய் இனி வருகிறது. இதில் தீயினும் உயிருக்கே அச்சம் மிகுதி. இந்தியாவில் 2018 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்ததாக அரசின் விபத்து மரண அறிக்கைகள் கூறுகின்றன.

பழைய வீட்டில் இந்நோய் வரும் வழி வியப்புக்குரியது. முன்பு தண்ணீர்க் குழாய்கள் இரும்பாலானவை, மண்ணுக்குள் நெடுந்தொலைவு புதைந்தவை. பல வீடுகளில் நிலத்தொடுப்புக் கம்பியை அந்தக் குழாயிலேயே சுற்றிவிட்டனர். முறையன்று எனினும் நடந்துகொண்டிருந்தது. புதுப்பிக்கும்போது குழாய்ப்பணியாளர் துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போடுகிறார். அன்றோடு அவ்வீட்டின் நிலத்தொடுப்பு முடிந்தது. அதனை அவர் அறியார், வீட்டாரும் அறியார், மூன்று துளைச் செருகியும் முன்போலவே இருக்கும். பின்னர்க் கொதிகலனின் உட்சுருள் பழுதானால் ஓட்டம் நிலத்திற்குச் செல்ல வழியின்றி, குழாயைத் தொடுவோர் கையை நாடும். குழாயில் ‘சுருக்’ என்று ஒருமுறை தட்டினாலே அது எச்சரிக்கை. ‘ஈரக்கையால் தொட்டாய், அதனால்தான்’ என்று பிள்ளைகளைக் கடிந்து விட்டுவிடுதல் தகாது.

சுண்ணாம்புச் சுவரின் உவரும் ஈரமும் இதற்குத் துணை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. மின்சாரம் மீண்ட மகிழ்ச்சியில் நனைந்த சுவரோடு சுவிட்சைப் போடுவது எத்தகைய துணிச்சல் என்பதை அன்று எண்ணியவர் சிலரே. வெள்ளமோ புயல்மழையோ புகுந்த வீட்டில், மெக்கர் என்னும் கருவியால் காப்புத்தடையை அளந்த பின்னரே மெயினை ஏற்றவேண்டும்.

இந்நோய்க்குத் தனி மருந்து ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் அளவுக்கு வேறுபட்டால் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கும். மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட விதிகளிலேயே 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் சுமையுள்ள இணைப்புகளுக்கு இத்தகைய காப்பு கூறப்பட்டுவிட்டது. மிகுசுமையை ஆர்.சி.சி.பி. அறியாது, கசிவை எம்.சி.பி. அறியாது. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்போர் ஐந்து நோய்க்கும் ஒரே பெயர் வைத்தவர்களாகவே இருப்பர்.

ஆபத்து வந்த வேளை

கருகல் நாற்றமோ புகையோ பொறியோ கண்டால் முதற்செயல் மெயினை இறக்குதல். மெயின் பலகையே கனன்றால் அதனைத் தொடாமல் வீட்டாரை வெளியேற்றி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்க மின்துறையினரை அழைத்தல் வேண்டும். தீயணைப்புக்கு 101 அல்லது 112. மின் தீயின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. உலர்தூள் அணைப்பானோ உலர்ந்த மணலோ தகும். மின்சாரம் தாக்கியவரைப் பற்றி இழுத்தலாகாது. இழுத்தவரும் உடன் வீழ்ந்த துயரங்கள் நாம் அறிந்தவையே. மின்னைத் துண்டித்த பின்னரே தொடவேண்டும். துண்டிக்க இயலாவிடின் உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்கவேண்டும். மூச்சில்லையேல் மார்பை அழுத்தி மூச்சூட்டத் தொடங்கி 108ஐ அழைக்கவேண்டும். உணர்வு மீண்டு எழுந்து நடப்பாராயினும் மருத்துவரிடம் காட்டல் இன்றியமையாதது. இதயத்துடிப்பின் கோளாறு பின்னரும் தோன்றக்கூடும்.

ஒன்று பலரும் மறப்பது: இன்வெர்ட்டர். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் வழி ஓடும் விளக்குக் கம்பிகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அதன் சுவிட்சையும் அணைத்தாலன்றி வீடு மின்னற்றது ஆகாது. பழுதுபார்க்க ஏணியில் ஏறிய பணியாளர்க்கு இதனைச் சொல்லிவிடுவது வீட்டார் கடமை.

திருமண வீட்டினர்க்கும் ஒரு சொல். 2004 சனவரி 23ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடியோ விளக்குக்கு இழுத்த மின்கம்பியில் எழுந்த பொறியே தொடக்கம் எனப்பட்டது. நிக்காஹ்வுக்கு முற்றத்தில் பந்தலிட்டு, பழைய வீட்டுப் பலகையிலிருந்தே சீரியல் விளக்குக்கும் வீடியோவுக்கும் பிரியாணிக் கூடத்து விசிறிக்கும் கம்பி இழுப்பதைக் காணும்போதெல்லாம் அந்நாள் நினைவுக்கு வரும். வாடகை ஜெனரேட்டரும் தனிக்கம்பியும் பந்தல் அலங்காரத்தினும் மலிவு.

பூட்டிய வீடுகளின் நிலை வேறு. 2022 நவம்பர் 4ஆம் நாள் விடியலில், சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில், ஏறத்தாழ ஓராண்டு பூட்டிக்கிடந்த இல்லத்திற்குத் துபாயிலிருந்து முதலாண்டு நினைவுநாளுக்காக வந்து தங்கிய குடும்பத்தில் மூவர், குளிர்பதனப் பெட்டி வெடித்து எழுந்த புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். நம் தெருக்களிலும் பதினொரு மாதம் பூட்டி, ஒரு மாதம் திறக்கும் வீடுகள் எத்தனை! திறந்த அன்றே எல்லாவற்றையும் ஒருசேர ஓட்டாமல், மின்பணியாளரை அழைத்துத் திருகாணிகளை இறுக்கி, நிலத்தொடுப்பை அளந்து, ஒவ்வொரு கருவியாகப் பகற்பொழுதில் இயக்கிப் பார்த்தல் நலம். வாங்கும் விமானச் சீட்டின் விலையோடு ஒப்பிட அதற்காகும் செலவு மிகச் சிறிது.

மாமி வீட்டில் இப்போது பீங்கான் கட்டை இல்லை. கிணற்றடியில் புதிய நிலத்தொடுப்புக் குழி தோண்டி, கோடையில் அதற்கு மாமியே தண்ணீர் ஊற்றுகிறார். மின்பலகையில் ஒவ்வொரு துண்டிப்பானுக்கும் கீழே தாள் ஒட்டி, ‘கூடம்’, ‘அடுப்பங்கரை’, ‘மாடி ஏ.சி.’, ‘மோட்டார்’ எனத் தம் கையாலேயே எழுதியுள்ளார். கடைசியாக உள்ள ஆர்.சி.சி.பி.யின் கீழே மட்டும் ‘கசிவு’ என்று எழுதியிருக்கிறார்.